வெயிலில் மடிந்த தட்டு

வடகம் காயப்போட்ட துணியின் நாலு மூலையிலும் நான் கல்லைத்தான் வைப்பேன். செம்பு, கிண்ணம், உலக்கை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வைக்கும் என் மருமகள் இதைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிக்கட்டும். பத்து வயதில் ஒரு மூலைக்கு வேறொன்றை வைத்துவிட்டு இரண்டு மாதம் தொண்டையில் சோறு இறங்காமல் நான் திரிந்த கதை அவளுக்குத் தெரியாது.

யுத்த காலம் அது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற பாதையோரம் எங்கள் ஊர். அப்பாவுக்கு வயலும் வாழையுமே கதி. வீட்டில் எனக்கு எல்லாமே மாமாதான், அம்மாவின் தம்பி. அவருடைய பாட்டுப்பெட்டியும் பாட்டரிகளும் பெரிய கூம்பு ஒலிபெருக்கியும் எங்கள் முன்னறையில்தான் குடியிருந்தன. கல்யாணம், காதுகுத்து என்றால் வாடகைக்குப் போகும். மற்ற நாள்களில் சாயங்காலம் ஒரு மணி நேரம் சந்தைப்பேட்டை வேப்பமரத்தில் கூம்பைக் கட்டி, ஊர்ப் பஞ்சாயத்துப் போர்டு சார்பில் கிராமபோன் தட்டுகளைப் போடுவார். ரேடியோ என்பதை நாங்கள் பெயரளவில்தான் கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் ஊருக்கு வானொலி நிலையம் என்றால் அது மாமாதான்.

யாருக்கு எந்தப் பாட்டு என்பது அவருக்கு அத்துப்படி. மளிகைக்கடைக்காரர் வந்து நின்றால் பக்திப் பாட்டு. பஸ் டிரைவர் வந்தால் நாடகத்துக் காதல் பாட்டு. இரண்டு பேரும் சேர்ந்து வந்துவிட்டால் வம்பே வேண்டாமென்று நாதஸ்வரம். மூன்று தகரப் பெட்டி நிறையத் தட்டுகள் வைத்திருந்தார். அவற்றை வெல்வெட் துணியால் துடைத்துக் காகித உறையில் போடும் உத்தியோகம் எனக்கு. அம்மாவைக்கூட மாமா தொடவிட மாட்டார். அந்தக் கர்வத்தில் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலைகால் புரியாது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மேகமலை ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதுகிற ரைட்டர் அரிசி, சாமான் வாங்க இறங்கி வருவார். மலையாளத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். மழையோ வெயிலோ, கையில் ஒரு குடை. அவருக்கும் ஒரு தட்டு இருந்தது. தினைப்புனத்தில் குருவி விரட்டும் ஒரு பெண் பாடுவதாக நாடகத்தில் வரும் தமிழ்ப் பாட்டு. மெல்லிசான, உச்சிக்குப் போனாலும் பிசிறடிக்காத குரல். லேபிளில் மட்டும் ஏதோ ஒரு பையன் பெயர் போட்டிருந்தது. அச்சடித்தவன் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ரைட்டர் அந்தப் பாட்டைக் கேட்கிற விதம் எனக்குப் பிடிக்காது. மற்றவர்களைப் போலத் தலையாட்ட மாட்டார், தாளம் போட மாட்டார். உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு மேலே ஏறுகிற இடம் வரும்போது குடைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தொண்டை மட்டும் ஏறி இறங்கும். முடிந்ததும், "சரி, வரட்டா" என்று எழுந்து போய்விடுவார். இன்னொரு தட்டைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. இவ்வளவு தூரம் இறங்கி வந்து இப்படிக் கடுகடுவென்று ஒரு பாட்டைக் கேட்பானேன் என்று நினைப்பேன்.

அந்தச் சித்திரையில் எனக்குக் கிரகம் சரியில்லை. முதலில் அரிக்கேன் விளக்கின் சிம்னியை உடைத்தேன். யுத்தத்தில் சிம்னி கிடைப்பது குதிரைக்கொம்பு. அடுத்த வாரமே ஊறுகாய் ஜாடி. அம்மா என் காதைத் திருகிக்கொண்டே மாமா முன்னால் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இந்தா பாரு தம்பி, சொல்லிட்டேன். இனி இந்த வீட்டுல ஒரு சாமான் இவ கையால கெட்டுச்சு, பள்ளிக்கூடம் போனது போதும். பொட்டப்பிள்ளைக்கு அஞ்சாவதே அதிகம்."

அம்மா சொன்னால் செய்வாள். அப்பா அதற்குக் குறுக்கே நிற்க மாட்டார். எனக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். கணக்கில் நான்தான் முதல், என் பக்கத்தில் உட்காருவதற்கே சண்டை நடக்கும். அன்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன், இனி எதையும் உடைக்க மாட்டேன் என்று. சத்தியத்தை நான் மீறவில்லை. அதற்குப் பிறகு நான் எதையும் உடைக்கவில்லை. வளைத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், ரைட்டருக்கான தட்டைத் துடைக்க எடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் அதன் கோடுகள் மினுங்கும். அதைப் பார்க்கும் ஆசையில் முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே அம்மா கயிற்றுக்கட்டிலில் வேட்டியை விரித்து வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். மலையிலிருந்து இறங்குகிற காற்று வேட்டியின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி அடித்தது. மாவுக்கையோடு உள்ளே போகப்போன அம்மா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

"ஏத்தா, அந்த மூலையில என்னத்தயாவது வையி!"

கையில் இருந்ததை வைத்தேன். நல்ல கனமான தட்டு. வேட்டி அடங்கியது. ஒரு கல் பொறுக்கி வந்து மாற்றிவிடலாம் என்று வாசலுக்குப் போனேன். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு கல்லாவது, தட்டாவது.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கட்டில் சட்டத்தில் பாதி, வெளியே பாதி என்று இருந்த தட்டு, வெளியே நீட்டிய பக்கம் நாய்க்காது மாதிரி மடிந்து தொங்கியது. அரக்குச் சாமான் வெயிலுக்கு இளகும் என்று யார் கண்டார்கள்? நிமிர்த்திப் பார்த்தேன். நிமிர்ந்தது, ஆனால் அலை அலையாக. போதாக்குறைக்கு அடிப்பக்கம் ஒரு வடகம் வேறு ஒட்டிக்கொண்டு வர மாட்டேனென்றது. சுரண்டினால் கோடு போய்விடும். அம்மா வருகிற சத்தம் கேட்டு, அப்படியே உறையில் திணித்து, மூன்றாவது பெட்டியில் எல்லாத் தட்டுக்கும் அடியில் சொருகிவிட்டேன்.

சாயங்காலம் மாமாவின் கூடவே சந்தைப்பேட்டைக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்தால் செத்துப்போயிருப்பேன். ரைட்டர் வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். மாமா பெட்டிக்குள் தலையை விட்டு வெகுநேரம் துழாவினார். பிறகு நிமிர்ந்து, "அடடா, அந்தப் பிளேட்ட உத்தமபாளையத்துக் கல்யாணத்துக்குக் கேட்டாகன்னு குடுத்துட்டேன் ரைட்டரய்யா. அடுத்த வாரம் வந்துரும்" என்றார்.

என் வயிற்றில் பால் வார்த்தது. ஆனாலும் ஒரு வாரத்துப் பால்தானே! அடுத்த சனிக்கிழமை வந்தது. அந்தத் தட்டு உத்தமபாளையத்திலிருந்து நேராக ராயப்பன்பட்டி மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டது என்றார் மாமா. மாதா திருவிழாவில் குருவி விரட்டுகிற பாட்டை யார் கேட்டார்களோ! அதற்கடுத்த வாரம் கடமலைக்குண்டில் ஒரு காதுகுத்து. வாரா வாரம் ரைட்டர் "சரி" என்று எழுந்துபோவார். மாமாவுக்கு ஞாபகமறதி இவ்வளவு இருக்கிறதே, கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசி கடைசியில்தான் அந்தச் செய்தி வந்தது. போர்டில் ரேடியோ வாங்கிவிட்டார்கள். இனிச் சந்தைப்பேட்டையில் யுத்தச் செய்தியும் பட்டணத்துக் கச்சேரியும்தான். மாமா தட்டுப் போட வேண்டாம், ரேடியோவைத் திருகிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். முதல் நாள் ஊரே கூடியது. செய்தி முடிந்ததும் பஸ் டிரைவர், "நான் இப்பத்தான் வாரேன், மறுபடி ஒருக்கா முதல்லருந்து போடச் சொல்லு" என்று மாமாவிடம் கோபித்துக்கொண்டார். மளிகைக்கடைக்காரர் தனக்குப் பக்திப் பாட்டு எப்போது வரும் என்று ரேடியோவைப் பார்த்தே கேட்டார். யாரைப் பார்த்தும் எதையும் மாற்றிப் போடத் தெரியாத பெட்டி என்று இரண்டே நாளில் ஊருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் யுத்தம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை யாரை விட்டது?

யுத்தத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு. பழைய தட்டுகளை உருக்கத் தகரப் பெட்டியோடு எடுத்துக்கொள்வதாக மதுரை வியாபாரி ஒருவர் சொல்லியனுப்பினார். மாமாவும் சரி என்றுவிட்டார். ஊரில் பலருக்கு மனசு கஷ்டம். அம்மாகூட, "எல்லாத்தயுமா தம்பி?" என்றாள். எனக்கு மட்டும் சந்தோஷம் பிடிபடவில்லை. மூன்று பெட்டியும் லாரியில் ஏறிவிட்டால் என் குற்றமும் ஏறிவிடும், உருகியும் விடும். பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் நேர்ந்துகொண்டேன்.

வியாபாரி வந்தது சனிக்கிழமை. முதல் இரண்டு பெட்டியும் லாரியில் ஏறிவிட்டன. மூன்றாவது பெட்டியைத் தூக்க மாமா குனியும்போது பின்னால் குடை ஊன்றும் சத்தம் கேட்டது.

"அந்த ஒரு பிளேட்டை எனக்குத் தரணும்" என்றார் ரைட்டர். "உருக்க விடாதீங்கோ. நான் கொண்டுபோறேன்."

"உங்க கிட்ட பாட்டுப்பெட்டி இல்லையே, ரைட்டரய்யா?"

"பெட்டி வேண்டாம். பிளேட்டு போதும்."

மாமா இல்லையென்று சொல்லியிருக்கலாம். காதுகுத்திலேயே தொலைந்துவிட்டது என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டிருக்கலாம். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அம்மா உள்ளே நெல் அவித்துக்கொண்டிருந்தாள், எந்த நேரமும் வாசலுக்கு வருவாள். மாமா ஒரு நிமிஷம் ரைட்டரின் முகத்தையே பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, எல்லாத் தட்டுக்கும் அடியில், தேடாமல் கையை விட்டு, நேராக அதை உருவினார். பதற்றத்தில் எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

உறையிலிருந்து வந்தது தட்டா அது? அப்பளம். வியாபாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"என் தப்பு. நாந்தான் ஒருநா வெயில்ல வச்சுட்டு மறந்துட்டேன். உங்க மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் அந்த ஊருக்குப் போச்சு, இந்த ஊருக்குப் போச்சுன்னேன்" என்றார் மாமா.

ரைட்டர் தட்டைக் கையில் வாங்கினார். அலை அலையாக இருந்த கோடுகளை விரலால் தடவிக்கொண்டே போனார். திருப்பினார். அடியில் என்னுடைய வடகம், நன்றாகக் காய்ந்து, நட்சத்திரம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பள்ளிக்கூடத்து மணிச்சத்தம் தூரத்தில் தேய்வதுபோல் இருந்தது. ரைட்டர் நகத்தால் வடகத்தைப் பெயர்த்தெடுத்து வாயில் போட்டு மென்றார்.

"உப்பு கொஞ்சம் கம்மி, மோளே" என்றார் என்னிடம்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். ரைட்டர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்பாடா!" என்றார். தோள் இரண்டும் இறங்க இன்னொரு தரம், "அப்பாடா!" பிறகு அந்தத் தட்டைத் தானே மூன்றாவது பெட்டியில் போட்டு, மூடியைச் சாத்தி, வியாபாரியிடம் தள்ளினார்.

"கொண்டுபோங்கோ. உருக்கிக்கோங்கோ."

லாரி போனது. எனக்குப் போன உயிர் திரும்பியது. ரைட்டர் மலைப்பாதையில் ஏறினார். வளைவு திரும்பும்போது அவர் பாடுவது காதில் விழுந்தது. அதே குருவிப் பாட்டு. கட்டைக் குரலில், மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல், வசதிப்படி கீழே இறக்கிப் பாடிக்கொண்டு போனார். ஐயோ பாவம், என்ன கண்ணராவியாகப் பாடுகிறார் என்று மாமாவிடம் சொன்னேன். மாமா மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டே என் தலையில் கையை வைத்தார்.

சிதறுகாயை உடைத்தேன். ஆனி மாதம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். பிறகு எட்டாவது, டீச்சர் டிரெயினிங், முதல் சம்பளம். அந்தச் சம்பளத்தில் மாமாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக்கொண்டு போனபோது, வடகக் கதையை ஒருவழியாக நானே ஒப்புக்கொண்டேன். மாமா சிரித்தார். முதல் சனிக்கிழமையே தெரியுமாம். அம்மா காதில் விழாமல் இருக்கத்தான் அந்தத் தட்டை ஊர் ஊராக அலையவிட்டாராம்.

"அது யாரு பாட்டுன்னு ஒனக்குத் தெரியாதுல்ல?" என்றார். "அந்த மனுசன் பாட்டுத்தான். சின்னப் பிள்ளையில மலையாளத்துலருந்து நாடகக் கம்பெனிக்கு வந்தவரு. பொம்பள வேசம். பன்னெண்டு வயசுல அந்தப் பிளேட்டுக்குப் பாடிக் குடுத்தாரு. அதோட குரல் ஒடஞ்சு போச்சு, கம்பெனியில போகச் சொல்லிட்டாக. அதுக்கப்புறம் வாயத் தெறந்து ஒரு வரி பாடல. அந்தக் குரல் மாதிரி வராதாம். என் ஒருத்தன்கிட்டத்தான் சொன்னாரு."

இத்தனை வருஷம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்குப் பயந்து அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார், வாரா வாரம் மலை இறங்கி வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டும் போயிருக்கிறார்.

அன்றைக்கு எங்கள் வாசலில் தப்பித்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன இரண்டு அப்பாடாவையும்கூட எனக்காகச் சொன்னதென்றே நினைத்திருந்தேன்.