யூனியன் ஆபீசில் அம்மா

அம்மாவின் அஸ்திக் கலயத்தை வைக்க வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பா நெனச்சுக்காதம்மா, குடியிருக்கிற வீட்ல அத வெக்கக் கூடாது" என்றார். ஓசூரில் எங்களுக்கென்று கலயத்தைக் கட்டித் தொங்கவிட ஒரு மரம்கூடக் கிடையாது. தொழிற்சாலை வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, தொழிற்சங்கத் தலைவரானவர் அப்பா. அதனால் கலயம் சங்க அலுவலகத்துக்குப் போனது. வெள்ளைத் துணி கட்டி, இரும்பு பீரோவின் மேல், சுருட்டி வைத்த கொடிகளுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அண்ணன் வராமல் கரைக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் ராணுவத்தில் இருந்தான். எல்லையில் சண்டை. விடுப்பு எல்லாம் ரத்து. அம்மா இறந்த தகவல் அதிகாரி மூலம் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவன் கைபேசி அணைந்தே இருந்தது. ஒரு கலயத்தோடு நிற்குமா என்பதுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

கூட்டங்கள் நிற்கவில்லை. தொழிற்சாலை வாசலில் மைக் இல்லாமல் பேசுகிறவர் அப்பா. பீரோ இருந்த அந்த அறையில் மட்டும் குரல் தாழ்ந்தது.

"தலைவரே, பின்னாடி கேக்கல."

"கேக்கலன்னா முன்னாடி வாய்யா."

ஒரு நாள் மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். ஷிப்ட் மாறும் நேரம். ஒரே சமயத்தில் அத்தனை பேர் கைபேசிகளும் ஒலித்தன. சண்டை நின்றுவிட்டது. ஒருவர் மேசையைத் தட்டினார், இன்னொருவர் என் தலையைத் தட்டினார். அப்பா மட்டும் தன் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அது அடித்தது. பிடுங்கி எடுத்தவள் நான்.

"லீவு குடுத்துட்டாங்க. ட்ரெயின் ஏறிட்டேன். அம்மாவக் கரைச்சிட்டீங்களா?"

"இல்லண்ணா. நீ வா!"

ஓசூர் ரயில் நிலையத்துக்குச் சங்கத்தார் மேளத்தோடு வந்துவிட்டார்கள். இது சாவு வீடா, வரவேற்பா என்று மேளக்காரர்களுக்கே குழப்பம். அடிக்காமல் நின்றார்கள். ரயில் நிற்கும் முன்பே அண்ணன் குதித்தான். இரண்டு கை, இரண்டு கால். பார்த்துக்கொண்டேன். நான் ஓடினேன்.

"அம்மா எங்க?"

"யூனியன் ஆபீஸ்ல."

ஒரு கணம் விழித்தான்.

"அந்தப் பக்கம் காலெடுத்து வெக்க மாட்டேன்னு சொல்லுமே! 'அந்த ஆபீஸையே கட்டிக்கிட்டு அழுங்க'ன்னு அப்பாவத் திட்டுமே!"

"இப்ப ஒரு மீட்டிங்கும் விடல" என்றார் அப்பா.

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. நடைமேடையிலேயே மூன்று பேரும் சிரித்து, அப்படியே அழுதோம்.

அங்கிருந்தே வேன் பிடித்து, ஆபீசில் கலயத்தை எடுத்துக்கொண்டு ஒகேனக்கலுக்குக் கிளம்பினோம். கலயம் அண்ணன் மடியில். அஞ்செட்டி வளைவுகளில் வேன் சாயும்போதெல்லாம் ஆளுக்கொரு கை அதன் மேல் போனது. ஒகேனக்கலில் அவன் கலயத்தின் துணியை அவிழ்த்து, அதை ஏந்திக்கொண்டு பாறையில் இறங்கினான். அருவி இரைச்சலில் புரோகிதர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"பாத்துடா, வழுக்கும்!"

அது எல்லோருக்கும் கேட்டது. எதிர்ப் பாறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். அப்பாவுக்குக் குரல் வந்துவிட்டது.