மஞ்சக்குடைக்காரி கல்லறைக்குப் போன கதை

பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறவனுக்கு மூச்சு மட்டும்தான் சொந்தம். என்ன பாட்டு என்பதைக் கூப்பிட்டவர்கள்தான் சொல்வார்கள். அடுத்தவர் ஆசைக்கு வாசித்துப் பிழைக்கிறவர் யாராயிருந்தாலும் என் கஷ்டம் புரியும். 'மஞ்சக்குடைக்காரி' என்று ஒரு பாட்டு. சினிமாப் பாட்டு இல்லை, கேசட்டில் தனியாக வந்தது. பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் குடையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து ஒருத்தன் உருகுவான், அவ்வளவுதான் விஷயம். அதை ஆனைக்கரை சுற்றுவட்டாரத்தில் விதவிதமாக ஊதி, கடைசியில் என் மகள் கல்யாணத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தேன்.

பேட்டரி போட்ட சங்கதி

பாட்டைப் பாடம் பண்ணியது எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில், ஒரு பழைய டேப் ரிக்கார்டரில். பேட்டரி தீர்கிற நேரம். சரணம் வந்ததும் பாட்டு இழுத்து இழுத்துப் போகும். பாடினவர் ஏதோ பெரிய சங்கதி போடுகிறார் என்று நினைத்து நானும் அதே மாதிரி இழுத்தேன். என்னைப் பார்த்து மற்ற செட்டுக்காரர்களும் இழுத்தார்கள். கல்யாணத்தில் ஆடுகிறவர்கள் சரணம் வந்தால் ஒரு காலைத் தூக்கியபடி காத்து நிற்பார்கள்.

குமுளியிலிருந்து வந்த டீக்கடைக்காரர் ஒருத்தர் நல்ல கேசட்டைக் கேட்டவர் போல. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, எங்க கேசட்டுல அந்தப் பிள்ளை நடந்து வரும். உங்ககிட்ட வந்து ஏன் நொண்டுது?"

மாதாவுக்கு ஒன்று

பாட்டு பரவினதும் எங்கள் மாதா கோயில் உபதேசியார் சும்மா இருப்பாரா? மெட்டை அப்படியே வைத்து, வார்த்தையை மாற்றி, மாதா பாட்டாக்கினார். பெண் போய் மாதா வந்தார். குடை போய் அருள் வந்தது. ஒரே ஒரு வரியை மாற்ற மட்டும் அவருக்கு நேரம் பற்றவில்லை.

பெருநாள் தேர்ப்பவனியில் நான் ஊத, பாட்டுக்குழு பாட, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற ஞானம்மா அக்கா மெழுகுவர்த்தியோடு நின்று முழுசாகக் கேட்டாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. "உபதேசியாரே, எல்லாம் சரிதான். மாதாவை எதுக்குய்யா பஸ் ஸ்டாண்டுல நிக்க விட்டுட்டீக?"

மேட்டில் தீர்ந்த பாட்டு

எங்கள் பக்கம் சவ ஊர்வலத்துக்கும் பேண்டு உண்டு. ரிட்டயரான சூப்பர்வைசர் ஒருவர் இறந்துபோனார். கல்லறைக்கு ஏற்றம் நீளம். எங்களுக்குத் தெரிந்த துக்கப் பாட்டெல்லாம் பாதி மேட்டிலேயே தீர்ந்துபோச்சு. "அப்பாவுக்கு மஞ்சக்குடைக்காரின்னா உசுரு, அதை மெதுவா வாசிங்க" என்றான் மூத்த மகன். மெதுவாக்க என்ன கஷ்டம்? பாதி வேலையைப் பேட்டரி பார்த்து வைத்திருந்ததே! ஊரே குலுங்கி அழுதது. அந்த மனிதர் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சபதம் போட்டவர்கள்கூட அழுதார்கள். அன்றிலிருந்து அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் ஊரில் யாரையும் அடக்கம் பண்ணுவதில்லை. கல்யாண வீட்டில் அதை முனகினால் அடிக்க வருவார்கள்.

சூப்பர்வைசர் சம்சாரம் மட்டும் அழவில்லை. குழி மூடின பிறகு என்னிடம் வந்தார். "காலம் பூரா அந்த மனுசன் இதைக் கத்தின கத்துல, இது ஒரு பாட்டுன்னே எனக்குத் தெரியாமப் போச்சே தம்பி."

எலப்புள்ளியில் வேற மாதிரி

என் மகள் ஸ்டெல்லாவுக்கு எலப்புள்ளியில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்துக்குப் போனால், அங்கே ஸ்பீக்கரில் அதே மஞ்சக்குடைக்காரி! யாரோ ரீமிக்ஸ் பண்ணியிருந்தார்கள். நெஞ்சு அதிர்கிற அடி, நடுவில் நாய் குரைக்கிற சத்தம் வேறு. சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

இது எங்கள் ஊரில் பிணத்துக்கு முன்னால் வாசிக்கிறது என்று சொன்னால், அபசகுனம் என்று சம்பந்தமே முறியலாம். வாயைப் பொத்திக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போச்சு. சம்பந்தி வேர்வையோடு வந்து என் கையைப் பிடித்தார். "ஏனுங்க சம்பந்தி, புள்ள மண்டபத்துக்குள்ள வரையில இதைய உங்க கையால ஊதிப்போடுங்க. இது இல்லாம எங்கூட்டுல ஒரு விசேசமும் நடந்ததில்லீங்க!"

மண்டபத்தில்

டிரம் அடிக்கிற அந்தோணியிடம் கண்டிப்பாகச் சொன்னேன், "இழுக்காதே, ஓடு." ஓட்டமாகத்தான் ஊதினேன். என்ன பிரயோசனம்? முதல் வரியிலேயே எங்கள் சனம் எழுந்து நின்று, முக்காடு போட்டு, சிலுவை போட்டது. பழக்க தோஷத்தில் நாலு பெண்கள் மணப்பெண்ணுக்குப் பின்னால் வரிசை கட்டி விசும்ப ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் எலப்புள்ளிக்காரர்கள் விசில் அடித்து ஆடுகிறார்கள். பாதியில் ஆட்டம் நின்றது. எனக்குக் கிளாரினெட்டில் காற்றுதான் வந்தது.

"ஏனம்மிணி, உங்காளுக எதுக்கு அழுகறாங்க?" என்று சம்பந்தி ஸ்டெல்லாவையே கேட்டுவிட்டார். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா நல்லா வாசிச்சா எங்க ஊர்ல அப்படித்தான் மாமா, அழுதுருவாங்க" என்றாள்.  சம்பந்தி மடித்த வேட்டியை இறக்கிவிட்டு, மரியாதையாகக் கேட்டார்: "அப்ப நாங்களும் அழுகோணுங்களா?"

மஞ்சக்குடைக்காரியை எழுதின புண்ணியவான் எங்கேயோ நன்றாக இருக்கட்டும், இந்தப் பக்கம் மட்டும் அவர் வராமல் இருந்தால் என் தொழில் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.