குதிகாலையும் சேர்த்து அளந்த மட்டை

காப்பீட்டு அலுவலக மேனேஜருக்கு வீட்டுக்குள் ஓர் உயரம், வெளியே ஓர் உயரம். குதிகாலுக்கு அடியில் ரகசியமாக மேடு வைத்த ஷூ இல்லாமல் அவர் வாசலைத் தாண்டியதே இல்லை. பதவி உயர்வு வந்த கையோடு, தனக்கென்றே அளவெடுத்துச் செய்யும் கோல்ஃப் மட்டைகளுக்குச் சொல்லிவைக்கக் கடைக்குப் போனார்.

மணிக்கட்டிலிருந்து தரைவரை அளக்க டேப்போடு குனிந்த கடைக்காரர், "சார், ஷூவைக் கழட்டிட்டு நில்லுங்க" என்றார்.

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? அப்படியே அளங்க!" என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். கடைக்காரருக்கு என்ன போச்சு? அளந்தார். மட்டைகளும் அந்த உயரத்துக்கே பளபளவென்று வந்து சேர்ந்தன.

மைதானத்திலோ, புல் பாழாகும் என்று தட்டை ஷூ போட்டால்தான் உள்ளே விடுவார்கள். வேறு வழியில்லாமல் மாற்றிக்கொண்டு, மேனேஜர் ஓங்கி வீசினார். மட்டை பந்தைத் தொடும் முன்பே மண்ணில் குத்தியது. புல்தான் பறந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. கூட ஆடியவர்கள் மரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "கடைக்காரன் ஏமாத்திட்டான்! எல்லாமே நீளம்!" என்று வெறுங்காலோடு தையத்தக்கா என்று குதித்தார். குதித்தபோதுதான் கடையில் நின்ற உயரம் வந்தது.

அவர் கழற்றிப்போட்ட, மேடு வைத்த ஷூவை மனைவி காலால் ஓரம் தள்ளினாள்.

"ஊரை ஏமாத்துங்க, நான் கேக்கல. மட்டைகிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமில்ல?"