எங்கண்ணன் பூபதிக்கு ஒரு எலை

பூபதியண்ணா! ஒடசல் முட்டையோட கவிச்சி எங்க அடிச்சாலும், ஏரிக்கரையச் சுத்தி ஓடி வந்து நிப்பியே, அப்ப காளமாடு எரைக்கற மாதிரி புஸ்சு புஸ்சுன்னு ஒரு மூச்சு வருமே, அதுதானண்ணா எனக்கு மொதல்ல காதுல கேக்குது.

இதப் படிக்கறவங்களுக்கு மொதல்ல நாங்க யாருன்னு சொல்லிர்றேனுங்க. புதுச்சத்திரத்துப் பக்கம் எங்க ஊரு. பொழப்பு கோழிப்பண்ணையில. பண்ணை வெச்சிருக்கறவங்க இல்லீங்க, பண்ணையில முட்டை பொறுக்கறவங்க. பொறுக்கி அட்டையில அடுக்கறப்ப விரிசல் உட்டது, கோழி கொத்துனது எதுவும் லாரிக்குப் போகாது, அதுக்குப் பேரு "ஒடசல்". எங்கம்மா அதத் தூக்குப்போசியில போட்டு ஊட்டுக்குக் கொண்டாரும். எங்கப்பா போர்வெல் போடற வண்டிக்கு வேலைக்குப் போயி, வடக்க எங்கியோ வண்டி கவுந்து செத்துப்போயிட்டாருங்க. நான் அப்பச் சின்னப்புள்ள. அதுக்கப்பறம் எங்கண்ணந்தான் எனக்கு அப்பன்.

அந்த ஒரு பனிக்காலத்த மட்டும் யாரும் எங்கிட்ட இருந்து புடுங்க முடியாதுங்க. பட்டாளத்து ஆளெடுப்புக்குன்னு அண்ணன் தெனம் விடியால ஏரிக்கரையில ஓடுவான், நான் எங்கப்பாவோட பழைய சைக்கிள்ல கொரங்குப் பெடல் போட்டுக்கிட்டு முன்னால போவேன், "ஓட்டு புள்ள, ஓட்டு, உன்னையப் புடிக்காம உடமாட்டேன்"னு பின்னால கத்திக்கிட்டே வருவான், பனியில வேலமுள்ளுச் செடியெல்லாம் வெள்ளையா நிக்கும், கை வெறைச்சு பிரேக்கு புடிக்க வராது. ஓடி முடிச்சதும் ஒடசல் முட்டைய ஒண்ணு மேல ஒண்ணு தட்டி அப்படியே வாயில ஊத்திக்குவான். நானும் ஒரு நாளு ஊத்திப் பாத்து அங்கியே வாந்தி எடுத்தேன். "நீயெல்லாம் பட்டாளத்துக்கு ஆவமாட்ட அம்மிணி, வெளியூருக்கு முட்டை ஏத்தத்தான் ஆவ"ன்னு உழுந்து உழுந்து சிரிச்சான்.

சிரிக்கறது மட்டுமில்லீங்க, அழுவறதும் அவனுக்குச் சட்டுனு வரும். முட்டை வெக்கறத நிறுத்துன கோழிங்கள லாரியில ஏத்தற அன்னிக்கு, காலப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கிட்டுப் போவாங்க பாருங்க, அதப் பாக்க மாட்டாம செட்டுக்குப் பின்னால போயி அழுவான். எங்கப்பாவோட அண்ணன், எங்க பெரியப்பா, பங்காளிங்கள்ல மூத்தவரு, அங்கியே வந்து நிப்பாரு. "ஏன்டா பொட்டப்புள்ளையாட்டம் கண்ணுல தண்ணி உடற? ஆம்பள அழுதா ஊட்டுக்கு ஆவாதுடா." இதுதான் எங்க ஊர்ப் பெரியவங்க குடுத்த மொதல் படிப்பு. அடுத்தது, "மனசுல இருக்கறத வெளிய சொன்னா மருவாதி போயிரும்." அதுக்கடுத்தது, "சோத்துக்கு வழி இருந்தா வெசனத்துக்கு வேலையில்ல." நல்லா இருக்குதுங்களா? இந்த மூணையும் ஒரு நாளு ஏரியில கொண்டு போயி முக்கோணும்னு எனக்கு இருக்குது.

ஆளெடுப்புல அண்ணன் தேறுனதும் ஊரே கூடிருச்சுங்க. மாரியம்மன் கோயல்ல மாலை, பஸ் ஸ்டாப்புல பிளக்ஸு, "எங்கள் மண்ணின் மைந்தனே"ன்னு. யாரு ஊட்டுக் கல்யாணப் பத்திரிக்கை அடிச்சாலும் எங்கண்ணன் பேரு இருக்கும், பக்கத்துல "இராணுவம்"னு. அவன் சம்பாரிச்சுத்தான் ஓட்டு ஊட்ட எடுத்துட்டு இப்ப இருக்கற தார்சு ஊட்டக் கட்டுனோம்.

கடைசியா லீவுல வந்தப்ப அவன் சரியில்லீங்க. சோறு எறங்கல. போனு அடிச்சாலே தூக்கிவாரிப் போடும். ஒரு நாளு பெரியப்பாகிட்ட ஒக்காந்து, "பெரியப்பா, உள்ளுக்குள்ள என்னமோ மாதிரியே இருக்குதுங்க, திரும்பிப் போவ மனசில்லீங்க"ன்னான். அவரு தொடையத் தட்டிச் சிரிச்சாரு. "பட்டாளத்துக்காரனுக்கு என்னடா மனசு? நாலு நாளைக்கு ஆட்டுக்கறி தின்னு, எல்லாஞ் சரியாயிரும்." கறி எடுத்தாந்தாங்க. ஆக்குனாங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவோம்னு ஒருத்தருக்கும் தோணலீங்க. காச்சலுன்னா ராசிபுரத்துக்கு ஓடறோம், கால் சுளுக்குன்னா எண்ணெ கட்டறவங்களத் தேடறோம், மனசு ஒடஞ்சவனுக்குக் கறிச்சோறாம்!

திரும்பிப் போன கொஞ்ச நாள்ல சேதி வந்துருச்சு. அவனே அவன் உசுர முடிச்சுக்கிட்டான்னு.

பெரியப்பா ஊருக்குள்ள "ஆக்சிடெண்டு"ன்னு சொல்லிட்டாருங்க. அதுதான் அவரு செஞ்ச வேலை. அத நம்பி ஊர்ப் பசங்க மறுபடி பிளக்ஸு வெச்சாங்க, "வீரவணக்கம்"னு. பள்ளிக்கோடத்துப் புள்ளைங்க கையில கொடியோட ரோட்டு மேல நின்னுச்சுங்க. பட்டாள வண்டி வந்துது. கூட வந்த சிப்பாய்ங்கள்ல ஒருத்தரு அண்ணனோட சிநேகிதரு, அழுவாச்சிய அடக்க முடியாம வண்டி டயரப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. கூட்டத்துல ஒருத்தன், "துப்பாக்கி எப்பங்க வெடிப்பாங்க?"ன்னு கேட்டான், என்னமோ தேர்த் திருவிழா பாக்க வந்தவனாட்டம். தானா முடிச்சுக்கிட்ட சாவுக்கு அந்த மரியாதை இல்லையாம், பட்டாளத்துச் சட்டமாம், வந்த சிப்பாய் ஒருத்தரு சொன்னாரு. கேட்டவன் வாய்ல இருந்து பக்கத்து வாயிக்குப் போயி, காஞ்ச சோளத்தட்டுல தீப்புடிச்ச மாதிரி உண்மை பரவிருச்சு. அப்பறம் பாக்கோணுமே! கொடிய வாங்கிக்கிட்டு வாத்தியாரு புள்ளைங்கள ஓட்டிட்டுப் போயிட்டாரு. நாங்க சுடுகாட்டுக்குக் கொண்டு போறதுக்குள்ள பிளக்ஸக் காணோம்.

"கெட்ட சாவு, ஊட்டுக்குள்ள வெக்கப்படாது"ன்னுட்டாங்க. ரோட்டோரத்துல வெச்சோம். அவன் கட்டுன ஊடுங்க அது! அந்த வாசப்படிய ஒரு தடவை தாண்ட உடலீங்க.

எங்கூர்ப் பக்கம் எழவு ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கமாட்டாங்க, பங்காளியும் பக்கத்து ஊட்டுக்காரங்களுந்தான் சோறாக்கிக் கொண்டாருவாங்க. எங்கப்பா செத்தப்ப போசி வெக்க எடமில்ல, ரசம் மட்டும் நாலு ஊட்டு ரசம். எங்கண்ணன் செத்தப்ப ஒரு போசி வரல. எங்கண்ணன் எழவுக்கு நானே அடுப்புப் பத்த வெச்சேனுங்க.

கொழாயடியில கேக்கோணும் பேச்ச.

"பொம்பள விசயமாத்தான் இருக்கும் பாரு."

"இல்லக்கா, கையில காசு பொரண்டுச்சு, ஆடிட்டான்."

"அவனுக்குப் பாத்திருந்த புள்ள தப்பிச்சா, மவராசி."

நான் கொடத்தக் கீழ வெச்சேன். "ஏனுங்கத்தை, உங்க பையன் கல்யாணப் பத்திரிக்கையில எங்கண்ணன் பேர உங்க பேருக்கு மேல பெருசாப் போட்டீங்களே, அப்ப இனிச்சுதுங்களா?"

"பாரு, எட்டாவது தாண்டாத கழுதைக்கு வாயி எத்தன மொழம்னு."

"அளந்துக்கங்க"ன்னு சொல்லிட்டுத் தண்ணி புடிக்காமயே வந்துட்டேன்.

அந்தப் பிளக்ஸு எங்க இருந்துச்சு தெரியுங்களா? மழை வர்ற மாதிரி இருந்த ஒரு நாளு பெரியப்பா காட்டுப் பக்கம் போனா, சோளத்தட்டுப் போருக்கு மேல மூடிக் கட்டிருக்காரு. எங்கண்ணன் மூஞ்சி தட்டுப் பக்கம், வெள்ளைப் பக்கம் வானத்துக்கு. கயித்த அறுத்து இழுத்தேன். "அம்மிணி, மழை வருது, தட்டு நனைஞ்சிரும்"னு கத்துனாரு. "நனையட்டுமுங்க, மக்கிப் போவட்டுமுங்க, மாடு திங்காமச் சாவட்டுமுங்க"ன்னு நானும் கத்துனேன். மாடு என்ன பாவம் பண்ணுச்சு, ஆனாக் கோவத்துக்கு அதெல்லாந் தெரியுதுங்களா.

எங்கம்மா அழுவவே இல்லீங்க, அதுதான் எனக்குப் பயம். அண்ணன் பேரையே அது வாயில எடுக்கல. நான் "அண்ணன்"னாப் போதும், எந்திரிச்சு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயிரும். கையில சோத்த வெச்சுக்கிட்டே காய உட்டுரும். அண்ணனக் குடுத்தாச்சு, அம்மாவும் இப்படியே கண்ணு முன்னால காஞ்சு போயிருமோன்னு, முட்டை பொறுக்கற எடத்துலகூட எனக்கு அதே நெனப்புதான்.

அப்பத்தான் ஒரு அக்கா வந்தாங்க, ஜலகண்டாபுரத்துல இருந்து, பஸ்ஸு மாறி மாறி. பேரு செல்வி. தறி ஓட்டறவங்க. டயரப் புடிச்சு அழுதாரே அந்தச் சிப்பாயி, அவருதான் எங்களப் பத்திச் சொல்லியிருக்காரு. வாசப்படியில நின்னு, கையில போசியோட, "நான் துக்கத்துக்கு வந்திருக்கறேன் சாமி"ன்னாங்க. அத்தன நாளுக்கப்பறம் அந்த வார்த்தைய அன்னிக்குத்தானுங்க கேட்டேன். போசியில புளிச்சோறு.

அம்மா பக்கத்துல தரையில ஒக்காந்தாங்க. தைரியமா இருங்கன்னு சொல்லல, விதின்னு சொல்லல. "எம்பட ஊட்டுக்காரரு பேரு முருகேசனுங்க்கா. பட்டாளத்துலதான் இருந்தாரு. அவரும் இப்படித்தான் அவரா உசுர உட்டாரு"ன்னாங்க. கொரலத் தாழ்த்தலீங்க. பக்கத்து ஊட்டுக்குக் கேக்கற மாதிரிச் சொன்னாங்க.

அம்மா அப்பத்தான் வாயத் தொறந்துச்சு. "என்னாலதானுங்களா? நாந்தான் பொறுத்துக்க சாமி, பொறுத்துக்க சாமின்னு போன்ல சொன்னேன்."

"நானுந்தான் சொன்னேன். எதனாலன்னு தேடித் தேடி எனக்கே கிறுக்குப் புடிச்சுது. ஒண்ணால இல்லீங்க்கா, ஒருத்தராலயும் இல்ல. நெஞ்சு வலியில போனா யாராச்சும் நெஞ்சத் திட்டறாங்களா? இதும் நோவுதான். நமக்குப் பாக்கத் தெரியல, அவுங்களுக்குச் சொல்ல வாயி வரல." அப்பறம் தட்டுல சோத்தப் போட்டு அம்மா கையில குடுத்துட்டு, "சின்னதுல எப்படிங்க இருப்பான்?"னு கேட்டாங்க.

"முட்டைத் திருடன்"னுச்சு எங்கம்மா. சொல்லிட்டுச் சிரிச்சுது, சிரிச்சுக்கிட்டே இருக்கறப்பவே அழுவ ஆரம்பிச்சுது, சாயங்காலம் வரைக்கும் நிக்கல. செல்வியக்கா கடைசி பஸ்ஸ உட்டுட்டாங்க.

அதுல இருந்து வாராங்க, போறாங்க. அவங்கள மாதிரி இன்னும் சில ஊட்டுக்காரங்க இருக்காங்க, ஆத்தூர்ப் பக்கம் பையனப் பறிகுடுத்த ஒரு அப்பாவும் இருக்காரு. சங்கமில்ல, போர்டு இல்ல. ஒருத்தருக்கு மனசு முட்டுனா இன்னொருத்தருக்குப் போனு, அவ்வளவுதான். பேசப் பேச அம்மா சோறு திங்க ஆரம்பிச்சுது. ஆனா எங்க பங்காளிங்க முன்னால மட்டும் அண்ணன் பேர அது எடுக்காது.

இந்த வருசம் ஆடி அமாவாசை வந்துது. மோகனூர் ஆத்துல தண்ணி வாத்துட்டு வந்து, செத்தவங்களுக்கு ஆளுக்கொரு எலை போட்டு, மூத்தவரு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்புட்டதுக்கப்பறந்தான் நாங்க பங்காளிங்கெல்லாம் ஒண்ணா ஒக்காந்து திம்போம். வருசத்துக்கு ஒரு ஊடு, இந்த வருசம் எங்க மொறை. செல்வியக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். பெரியப்பா தாத்தனுக்கு எலை போட்டாரு, பேரு சொன்னாரு, எங்கப்பாவுக்குப் போட்டாரு, பேரு சொன்னாரு, கைய ஒதறிக்கிட்டாரு.

"அண்ணனுக்குங்க பெரியப்பா?"

"கெட்ட சாவுக்கு எலை போடற வழக்கமில்ல அம்மிணி. போட்டா மத்தவங்களும் திங்க வரமாட்டாங்க."

என் வாயில வந்தத நான் இங்க எழுத முடியாதுங்க. அதக் கொட்டறதுக்குள்ள அம்மா எந்திரிச்சுது. பொடக்காளிக்குப் போவுது, வழக்கம் போல ஒளிஞ்சுக்கப் போவுதுன்னு நெனச்சேன். அருவாளோட போயி ஒரு தலவாழை எலைய அறுத்துக் கொண்டாந்து, எங்கப்பா எலைக்குப் பக்கத்துல போட்டுத் தண்ணி தெளிச்சு, சோத்த அள்ளி வெச்சு, தெருவுக்கே கேக்கற மாதிரி, "பூபதீ! வா சாமி. உள்ள வா. வந்து சாப்புடு"ன்னு கூப்புட்டுச்சு.

"இந்த எலை இருந்தா நான் ஒக்கார மாட்டேன்."

"ஒக்காராதீங்க மாமா"ன்னுச்சு எங்கம்மா.

பெரியப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போனாரு. அவரு பின்னால பாதிப் பேரு போனாங்க. பெரியம்மா மட்டும் பந்தியில சப்பணம் போட்டு ஒக்காந்துருச்சு. "அவரு போனாப் போறாரு, வடை ஆறுது, போடு புள்ள"ன்னுச்சு. செல்வியக்கா செவுத்தோரமா நின்னு எலையவே பாத்துட்டு இருந்தாங்க. அவுங்க மாமியா ஊட்டுல முருகேசண்ணனுக்கு இதுவரைக்கும் எலை போட்டதில்லையாம். அம்மா இன்னொரு எலைய எடுத்து அவுங்க கையில குடுத்து, "போடுங்க. பேரு சொல்லிக் கூப்புடுங்க"ன்னுச்சு. தறிச் சத்தத்துலயே கத்திப் பேசிப் பழகுன அக்காவுக்கு அன்னிக்குக் கொரலே வரலீங்க. அம்மாவுந்தான் சேந்து கூப்புட்டுச்சு.

எனக்கு இன்னும் கோவம் ஆறல. அந்தச் சைக்கிளு இல்ல, முன்னால ஓட்டு புள்ளன்னு கத்த ஆளில்ல, எங்கம்மா மொகத்துல இருந்த களையில பாதி இல்ல. ஏரிக்கரையில மட்டும் இன்னும் பசங்க ஓடறாங்க. அவங்க அப்பனாத்தாளுக்குச் சொல்றேன்: உங்க பையன் வந்து மனசு சரியில்லன்னா அவனுக்குக் கறியாக்காதீங்க, ஒக்காந்து கேளுங்க, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. இப்படி ஒரு சாவு உங்க தெருவுல உழுந்தா, ஏன் எதுக்குன்னு கேக்காம ஒரு போசி சோத்தத் தூக்கிட்டுப் போங்க.

எங்கண்ணன் பேரு பூபதி. சாமி கும்புடறவங்க எந்தச் சாமியக் கும்புட்டாலும் பரவால்லீங்க, அவன் பேரையும் முருகேசண்ணன் பேரையும் வாய்விட்டுச் சொல்லி, இவங்க நல்லா இருக்கோணும்னு ஒருக்காக் கும்புட்டுருங்க. மனசுக்குள்ள வேண்டாமுங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கோணும்.