நெல்லியடியின் பச்சைப் பேனா

போன சனிக்கிழமை காலை. எங்கள் அரியாலை வீட்டின் மேல்மாடியில் தங்கியிருந்த ஜெர்மன் தம்பதி கீழே வந்து பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குசினியில் அடுத்த குழலுக்கு மா நிரப்பிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் என் கணவரிடம் கேட்டாள் – இன்றைக்கு நெடுந்தீவுக்குப் படகில் போகலாமா என்று. இங்கிலிஷில்தான்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் என்ன செய்வார் தெரியுமா? “இஞ்சரும்... ஒருக்கா வாரும்” என்று குசினிப் பக்கம் குரல் கொடுப்பார். நான் போய்ப் பதில் சொல்லுவேன். இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கி நாலு வருஷமாகிறது. அன்று முதல் நண்டுக்கறி அவர் பொறுப்பு, இங்கிலிஷ் என் பொறுப்பு. கையைத் துடைத்துக்கொண்டு தயாராகவே நின்றேன்.

அவர் கூப்பிடவில்லை.

“ஐ ஆம் நொட் ஷுவர் அபௌட் த சீ டுடே.”

என் மனுஷனின் குரல்தான். தபால் கந்தோரில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற அதே சிவநேசன். கடலைப் பற்றி எனக்கு இன்றைக்கு அவ்வளவு நிச்சயமில்லை... எவ்வளவு பதமான வசனம் பாருங்கள். ‘போகாதே’ என்று அதட்டவும் இல்லை, ‘போ’ என்று தள்ளவும் இல்லை. அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டு, அப்படியானால் நாளைக்குப் போகிறோம் என்றாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அந்த வசனத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பத்திரிகையில் என்னுடைய இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு நான் இங்கிலிஷ் ரீச்சராக இருந்தவள் என்பது தெரியும். தெரியாமல் இருக்க நான் விட்டதும் இல்லை. இருபத்தாறு வருஷம். யாழ்ப்பாண ரவுணில் இன்றைக்கு ரியூஷன் கொடுக்கிறவர்களில் பாதிப்பேர் என் வகுப்பில் வாங்கில் இருந்து படித்தவர்கள். அப்படியிருக்க, என் வீட்டுக்குள் வேறு யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள்!

விசாரித்தேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லியடியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பாம். ரீச்சரின் பெயர் தர்சினி.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் நெல்லியடிக்குக் கிட்ட இருக்கிற கரவெட்டிக்கு, தமக்கை வீட்டுக்குப் போகிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? மச்சாளுக்கு என்று பை நிறைய முருங்கைக்காய் கட்டிக் கொடுத்து வேறு அனுப்பினேன். அந்த முருங்கைக்காயில் பாதி தர்சினி வீட்டில் குழம்பாகியிருக்கிறது. அதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

சரி, ரவுணில் இல்லாத வகுப்பா? ஒரு மணித்தியாலம் மோட்டார் சைக்கிள் ஓடி நெல்லியடிக்குப் போவானேன்? கேட்டேன். ரவுணில் எந்த வகுப்புக்குப் போனாலும் அது என் மாணவியின் வகுப்பாகத்தான் இருக்கும், பின்னேரத்துக்குள் எனக்குக் கதை வந்துவிடும் என்றார். நியாயம்தான். ஆனால் என்னிடம் மறைக்க இதில் என்ன இருக்கிறது?

“அவ எப்பிடிப் படிப்பிக்கிறா?” என்று கேட்டேன்.

“சிரிக்க மாட்டா” என்றார்.

இது என்ன பதில்? உம்மணாமூஞ்சியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இப்போது நடக்கிற பாடம் ‘நொட்’ போட்டு மனதைச் சொல்வதாம். பிடிக்காததை ‘வெறுக்கிறேன்’ என்று போட்டு உடைக்காமல், அவ்வளவு விருப்பமில்லை, எனக்குப் பழக்கமில்லை, சந்தோஷமில்லை என்று இல்லைக்குள் வைத்துச் சொல்வது. வெள்ளைக்காரர் இதில் விண்ணர். நாங்கள் மட்டும் என்ன குறைந்தவர்களா? யாழ்ப்பாணத்தில் ஒருவர் நண்டுக்கறியைக் கோப்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே “பிழையில்லை” என்று சொன்னால், சமைத்தவர் ஒரு கிழமைக்குக் காலரைத் தூக்கிக்கொண்டு திரியலாம். இதற்கு மேல் எங்கள் ஊரில் பாராட்டு கிடையாது. என் வகுப்புப் பிள்ளைகள் தொண்ணூற்றைந்து புள்ளி எடுத்து வந்தபோதும் நான் “பிழையில்லை” என்றுதான் சொன்னேன். மிச்ச ஐந்தைப் பற்றியும் கேட்டேன்.

அன்று முழுக்க அவர் பயிற்சி. ரீவியில் சீரியல் ஓடினால் “நொட் இன்ட்ரெஸ்டட்.” பக்கத்து வளவில் ஸ்பீக்கர் அலறினால் “நொட் ஹப்பி.” எல்லாம் வாய்க்குள்ளே முணுமுணுப்பு. நான் கிட்டப் போனால் கப்சிப். ஜெர்மன்காரரிடம் கதைக்கிற வாய், மற்றவரைப் பார்த்துச் சிரிக்கிற வாய், என்னைக் கண்டால் மூடிக்கொள்கிறது. இது எந்தப் பெண்சாதிக்குத்தான் பொறுக்கும்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றிரவே பேஸ்புக்கில் தர்சினியைத் தேடிப் பிடித்தேன். இருபத்தெட்டு வயது இருக்கும். வகுப்பு விளம்பரத்தில் ஓர் எழுத்துப்பிழை! எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “ஓம், அவவும் பிழை விடுவா. விட்டால் தன்னை நினைச்சுத் தானே சிரிப்பா” என்றார். போனைத் திருப்பித் தந்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ஞாயிறு வழக்கம்போல வகுப்புக்குப் போய் வந்தார். திங்கள் காலை மீன் வாங்க வெளிக்கிட்டார். அவருடைய பை கதிரையில் கிடந்தது. அதற்குள் கொப்பி.

செய்யக் கூடாததுதான். செய்தேன். கையில் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டுதான் கொப்பியைத் திறந்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம்... இல்லை, பொய் சொல்லக் கூடாது. தர்சினி பார்க்காமல் விட்ட பிழைகளைப் பிடிக்கத்தான் எடுத்தேன்.

வீட்டைப் பற்றி, வீட்டில் இருப்பவர்களைப் பற்றி, ‘நொட்’ வைத்துப் பத்து வசனம். பக்கத்தில் பச்சை மையில் சரி அடையாளங்கள். சிவப்பைக் கண்டால் பெரியவர்களுக்கும் பயம் வருமென்று பச்சையில் திருத்துவாவாம். இதைப் பிறகுதான் அறிந்தேன்.

முதல் வசனம், நாயைக் கண்டு எனக்குப் பயமில்லை. இரண்டாவது, வெயில் எனக்குப் புதிதில்லை. நாலாவதில் நின்றுவிட்டேன். கத்தரிக்காய்ப் பால்கறியில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை என்று எழுதியிருந்தார். இருபத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கறியைத்தான் வைக்கிறேன். ஒரு நாள் வாய் திறந்து சொன்னாரா? என்னிடம் சொல்லாததை நெல்லியடிக்குக் கொண்டுபோய் ஒப்புவித்திருக்கிறார். தர்சினி அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு முகம் வேறு போட்டு வைத்திருந்தாள். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதாவது வசனம்.

“ஐ ஆம் நொட் பிரேவ் இனஃப் டு ஸ்பீக் இங்கிலிஷ் இன் ஃப்ரண்ட் ஒஃப் மை வைஃப்.”

என் மனைவிக்கு முன்னால் இங்கிலிஷ் கதைக்கிற அளவுக்கு எனக்குத் துணிவில்லை. அந்தக் கொப்பியிலேயே இதைத்தான் வலு கவனமாக, வடிவான எழுத்தில் எழுதியிருந்தார். தேடித் தேடிப் பார்த்தேன். திருத்த ஒன்றுமில்லை.

எனக்கு உடனே பிடிபட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு விருந்து. அதிபர் இவரிடம் ஏதோ கேட்க, இவர் இங்கிலிஷில் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். தபால் கந்தோரில் நடந்த பகிடிக் கதை. இரண்டாவது வசனத்தில் ஒரு பிழை. எல்லோருக்கும் முன்னால் நான் திருத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் நிறுத்தின பிறகும் நான் சிரித்தேன். அந்தக் கதையை அவர் முடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஊரெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன் – இவருக்கு இங்கிலிஷ் வராது என்று.

படலை திறந்த சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தால் அவர் மீன் பையோடு வாசலில் நிற்கிறார். என் மடியில் கொப்பி. கையில் சிவப்புப் பேனா.

“திருத்திப்போட்டீரோ?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். பேனாவை மூடினேன். அன்றைக்குச் சிரித்தது பிழை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“நீர் சிரிச்சதில எனக்குக் கோவமில்லை. அதுக்குப் பிறகு வாய்தான் திறபடேல்லை.”

மீனைக் கொண்டுபோய்க் கழுவத் தொடங்கிவிட்டார். நான் அங்கேயே இருந்தேன். கண் கலங்கியது. அந்த நேரத்திலும் தர்சினியின் பச்சை மையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் அடங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் பூட்டி வைத்ததை அவள் மூன்று மாதத்தில் திறந்துவிட்டாளே!

செவ்வாய் காலை ஜெர்மன்காரர் புறப்பட்டார்கள். படலையடியில் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொடுத்தபடி அவர் ஏதோ கதை சொல்லத் தொடங்கினார். நான் வாசலுக்கு வந்தேன். கேட்டால்... அதே தபால் கந்தோர்க் கதை. இரண்டாவது வசனத்தில் அதே பிழை.

அவர் என்னைக் கண்டார். நிறுத்தினார்.

என் நாக்கு நுனியில் திருத்தம் வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், விழுங்குவது லேசான வேலை இல்லை. “அடுப்பில பால் கிடக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கதை தொடர்ந்தது. இன்னும் மூன்று பிழை. முடிவில் அந்த இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கதையின் முடிவு எனக்கும் தெரிந்தது. நல்ல கதை. உண்மையிலேயே நல்ல கதை. உள்ளே வந்த பிறகு அவரிடமும் அப்படியே சொன்னேன். காது சரிதானா என்பதுபோலப் பார்த்தார்.

இந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கத்தரிக்காய் இல்லை.

தர்சினியில் பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே போகும்? வருகிற ஞாயிறு முருங்கைக்காயோடு நானும் நெல்லியடிக்குப் போகிறேன். கடைசி வாங்கில் இருந்து ஒன்றே ஒன்றைப் பார்த்துப் பழக வேண்டும் – அந்தப் பிள்ளை பிழையைக் கேட்டும் எப்படிச் சிரிக்காமல் இருக்கிறாள் என்பதை.