காற்றுக்கும் மழைக்கும் தாங்கும் விளக்கு

போன வாரம் பினாங்கு சௌரஸ்டா பசாரில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். பார்க்க மூக்கும் முழியுமாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் அந்த வாடை கிளம்பியது. பூண்டும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. மறுநாள் பழக்காரனிடம் போய், "கார்பைட் போட்டியா?" என்று கேட்டேன். "ஐயோ அண்ணே, மரத்துலயே பழுத்ததுலா!" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். செய்துவிட்டுப் போகட்டும். கார்பைட் வாடையை என் மூக்கிடம் மறைக்க முடியாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு காலத்தில் நான் விளக்குச் செயலாளராக இருந்தவன்.

சிரிக்காதீர்கள், அப்படி ஒரு பதவி உண்மையிலேயே இருந்தது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஜார்ஜ் டவுன் கிராணிகள், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், சிலர் சேர்ந்து ஒரு நாடக சபா நடத்தினோம். சபாவின் பெயர் மிக நீளம். விளம்பரத் தாளில் அதை அச்சடித்த பிறகு நாடகத்தின் பெயருக்கு இடம் இருக்காது. சபாவில் எல்லாருக்கும் ஒரு பதவி உண்டு. நான் ஒரே ஒரு முறை சேவகன் வேஷம் கட்டினேன். "மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்" என்பதுதான் என் வசனம். மேடைக்கு வந்ததும் அது மறந்துபோய், ஆபீஸ் பழக்கத்தில் மன்னனைப் பார்த்து "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே கமிட்டி கூடி என்னை விளக்குச் செயலாளர் ஆக்கிவிட்டது. இனி நான் மேடைக்கு வரக்கூடாது என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னார்கள்.

எங்கள் சபாவின் ராணி சவரிமுத்து. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிராணி. பெண்கள் மேடையேறாத சபா எங்களுடையது, ஆகவே எந்த நாடகமானாலும் ராணி அவன்தான். நாடகத்துக்கு முந்தைய நாள் மீசையை எடுப்பான். அது திரும்ப முளைக்கிற வரை துறைமுகத்தில் அவன் படாத பாடு படுவான். அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. பகலெல்லாம் கூலிகளோடு கத்துகிற தொண்டையில் எப்படி அப்படி ஒரு குரல் தங்கியிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவன் மேல்ஸ்தாயியில் பாட ஆரம்பித்தால், கடலை மெல்லுகிறவன் வாயை நிறுத்திவிடுவான்.

தைப்பூசத்துக்கு மறுநாள் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் வருடா வருடம் நாடகம் போடுவோம். ஒரு வருடம் கார்பைட் விளக்குகளை வாடகைக்கு எடுத்தோம். கல்லின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும், வாயு கிளம்பும், கொளுத்தினால் வெள்ளை வெளிச்சம். வெளிச்சத்தோடு அந்த வாடையும் வரும். முன்வரிசையில் உட்கார்ந்த பெரிய மனிதர்கள் சந்தேகத்தோடு பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அன்றைக்கு ராணி சிறையில் புலம்புகிற காட்சி வந்ததும் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. அத்தனை விளக்கும் அணைந்தது. சவரிமுத்து பாட்டை நிறுத்தவில்லை. கும்மிருட்டில் முழுப் பாட்டையும் பாடி முடித்தான்.

அதுதான் வினையாகப் போயிற்று. அந்தக் குரல் ஒரு ஆண்பிள்ளையின் குரல் என்று ஒருவரும் நம்பவில்லை. சபா ஆட்கள் வேண்டுமென்றே விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் கிராமபோன் வைத்துவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. துறைமுகத்தில் சவரிமுத்துவைப் பார்த்தாலே, "என்னா கிராமபோன், சாவி குடுத்தாச்சா?" என்றுதான் கேட்டார்கள். அவன் முதலில் சிரித்தான், பிறகு சண்டை போட்டான், கடைசியில் பேசுவதையே குறைத்துக்கொண்டான். மூட்டை எண்ணுவது வயிற்றுப்பாட்டுக்கு, பாட்டுதான் தன் பேர் என்று நினைத்திருந்தவன். அந்தப் பேரை ஒரு மரப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த தைப்பூசம் நெருங்கியபோது இன்னொரு சேதி வந்தது. கம்பெனி அவனை மேதானுக்கு மாற்றிவிட்டது. நாடகம் முடிந்த மறுவாரமே சுமத்ராவுக்குக் கப்பல். என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்னான்.

"இதான்டா கடைசி. நான் பாடுறத ஜனம் கண்ணால பாக்கணும். அது போதும் எனக்கு. ஒழுங்கா ஒரு லைட்டு பாருலா."

அப்போதுதான் என் பதவியின் கனம் எனக்குத் தெரிந்தது. ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நான் நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் எழுந்து விளக்கு தேடக் கிளம்பினேன்.

கூட வந்தவர் பொருளாளர் பழனியப்பன். செட்டிநாட்டுக்காரர், பினாங்கு வீதியில் ஒரு கடையில் கணக்கு பார்த்தவர், பெரிய பக்திமான். மின்சார விளக்கை முதலிலேயே தள்ளிவிட்டோம். ஊருக்குள் மின்சாரம் இருந்தது, மைதானம் வரைக்கும் கம்பி இல்லை. அதோடு, சூடாக எரிகிற பல்பின் மேல் ஒரு சொட்டு மழை விழுந்தால் பட்டென்று வெடித்துவிடும். இது எங்கள் இருவருக்குமே தெரியும். கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது தெரியும்.

கடைசியில் கேம்பல் தெருவில் ஒரு சீனர் கடையில் பம்பு அடித்து ஏற்றுகிற மண்ணெண்ணெய் கேஸ் லைட்டுகளைக் கண்டோம். உள்ளே வலைப்பை போல ஒரு மேண்டில், அதைச் சுற்றிக் கண்ணாடிக் குழல், மழைக்குத் தலைமேல் அகலமான தகரத் தொப்பி. பழனியப்பன் சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. "காத்துக்கு நிக்குமான்னு பாத்துட்டுத்தான் தம்பி எடுக்கணும்" என்றார். பினாங்கில் நினைத்த நேரத்தில் காற்று கிடைக்கிற இடம் எது? பட்டர்வொர்த் போகிற ஃபெரிதான்.

ஆகவே ஒரு சாயங்காலம், வேட்டியும் கோட்டுமாக இரண்டு பேர், எரிகிற விளக்கை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபெரியின் முன்தட்டில் நின்றோம். சூரியன் இன்னும் மறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் எங்களைச் சுற்றி வட்டமாக விலகி நின்றார்கள். ஒரு மலாய்க் கப்பலோட்டி வந்து எங்களையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கீலா கா?" என்றான். பைத்தியமா என்று கேட்கிறான். பழனியப்பன் அசரவில்லை. "டெஸ்ட், டெஸ்ட்" என்றார் கம்பீரமாக. பட்டர்வொர்த் போய்த் திரும்பி வரும்வரை விளக்கு ஒரு முறை கூடச் சிமிட்டவில்லை. மறுநாள் கடையின் பின்கட்டில் பூவாளியால் மழை பெய்வித்தோம். தொப்பி தண்ணீரைச் சுற்றிலும் வடித்துவிட்டது, கண்ணாடியில் ஒரு துளி படவில்லை. பழனியப்பன் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

விளக்குகளைக் கட்டும்போது கடைக்காரர், "காச்சா லெபே பெலி லா" என்றார், கண்ணாடி சிலது கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி. பழனியப்பன் என் காதில், "யாவாரம் பண்றான் தம்பி, நீங்க வாங்க" என்றார். நானும் வந்துவிட்டேன்.

நாடகத்தன்று பொழுது சாய்ந்ததும் மைதானம் நிரம்பியது. காவடி பார்க்க தாசேக் கெலுகோர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அன்றும் தங்கியிருந்தார்கள். சாலையோரம் செட்டியார்களின் கார்களும் வாடகைக் கார்களுமாக வரிசை. நான் மேடைக்குப் பின்னால் விளக்குகளை ஏற்றத் தயாராக நின்றேன். பழனியப்பன் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்.

"புது விளக்கு. பூசை போடாம ஏத்தப்படாது."

நமக்குத்தான் தராசு, தையல் மிஷின், பஸ் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் கை ஓடாதே. தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், ஒவ்வொரு விளக்குக்கும் மூன்று பட்டை சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். எங்கே வைத்தார்? தொப்பியில் வைத்தால் கூட்டத்துக்குத் தெரியாதாம். கண்ணாடியில் வைத்தார், நல்ல ஈரச் சந்தனம். ராணி வேஷத்தில் நின்ற சவரிமுத்து, தன் பங்குக்கு ஒவ்வொன்றின் மேலும் சிலுவை போட்டான். "ரெண்டு பக்கமும் காவல் இருக்கட்டும்லா" என்றான். மங்களகரமாக இருந்தது. எனக்கே கண் கலங்கியது.

முதல் காட்சி பகல் மாதிரி நடந்தது. பிறகு "டிக்" என்று ஒரு சத்தம். நான் பல்லி என்று நினைத்தேன். இன்னொரு "டிக்". நிமிர்ந்து பார்த்தால், சந்தனப் பட்டை போட்ட இடத்திலிருந்து விரிசல் ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணாடியாக உடைந்து விழுந்தது. காற்று நேராக மேண்டிலில் புகுந்தது. அது சாம்பலாக உதிர்ந்தது. கடல் காற்றையும் பூவாளி மழையையும் தாங்கிய விளக்குகளால் எங்கள் பக்தியைத் தாங்க முடியவில்லை.

மைதானம் இருட்டானது. பிறகு பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "கிராமபோன் ரெடியாலா? தட்டப் போடுங்க!"

மைதானமே சிரித்தது. சவரிமுத்து என் பக்கத்தில்தான் நின்றான். முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் அவன் கையைப் பிடித்தேன், வளையல்தான் கையில் அகப்பட்டது.

அப்போது மேடை ஓரத்தில் ஒரு குரல். வாடகைக் கார் ஓட்டுகிற உசேன் நானா; காரை அவர் கரேத்தா என்பார். சவரிமுத்துவின் பாட்டுக்காகவே வருகிறவர்.

"தம்பி, இருட்டுல நின்னு என்னா செய்றீங்க? நம்ம கரேத்தாவுல லைட்டு இருக்குல்ல? நான் கொண்டாறேன்."

பழனியப்பன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, செட்டியார்களின் டிரைவர்களிடம் ஓடினார். என்ன சொன்னாரோ, காலில்தான் விழுந்தாரோ, தெரியாது. கொஞ்ச நேரத்தில் கார்கள் மைதானத்துக்குள் வந்து, கூட்டத்தின் இரண்டு பக்கமும் மேடையைப் பார்த்து நின்றன. அத்தனை முகப்பு விளக்கும் ஒன்றாக எரிந்தபோது, மேடையில் கித்தான் சீலையின் ஒட்டுப்போட்ட தையல் கூடத் தெரிந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் சபா கண்டதே இல்லை.

ராணி வந்தாள், வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை என்ஜினும் ஒன்றாக உறுமினால் எப்படிக் கேட்கும்? போன வருடம் முகமில்லாத குரல், இந்த வருடம் குரலில்லாத முகம். கூட்டம் மறுபடி சிரிக்க ஆரம்பித்தது. சவரிமுத்து பாட்டை நிறுத்தினான். ராணியின் கையை உயர்த்தி, துறைமுகத்துக் குரலில் கத்தினான்:

"நானா! என்ஜின நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டுனா பாட்டரி செத்துரும்லா! லைட்டு நிக்காது!"

"பரவால்ல நானா. பாட்டு முடியிற வரைக்கும் இருந்தா போதும்!"

உசேன் நானா முதலில் நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மைதானம் அமைதியானது. சவரிமுத்து முதலிலிருந்து தொடங்கினான்.

அதை என்னவென்று எழுதுவது? வெள்ளையாக இருந்த வெளிச்சம் பாட்டு நடுவில் மஞ்சளாகிவிட்டது. பழைய பாட்டரிகள். மஞ்சள் போய்ச் செம்பு நிறம் வந்தது. சீக்கிரம் முடிடா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவன் ஒரு சங்கதியைக் கூட விடவில்லை. மேல்ஸ்தாயிக்குப் போனபோது அவன் கழுத்து நரம்பு புடைத்ததை எல்லாரும் பார்த்தார்கள். அவன் மூச்சு வாங்கியதைப் பார்த்தார்கள். பின்னால் முதலில் கத்தியவனேதான் என்று நினைக்கிறேன், "டேய், அவன்தான்டா பாடுறான்!" என்றான், கோயிலில் பேசுவது போலத் தணிந்த குரலில். கடைசி வரி முடிந்தபோது விளக்குகள் சிவப்புப் புள்ளிகளாகத்தான் இருந்தன. கைதட்டல் மட்டும் ஓயவில்லை.

மீதி நாடகம் நடக்கவில்லை. ராஜா போருக்குப் போனாரா, ராணி விடுதலை ஆனாளா, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு காரும் கிளம்பவில்லை. கூட்டமே சேர்ந்து கார்களைச் சாலை இறக்கத்தில் தள்ளியது. உசேன் நானாவின் காரைத் தள்ளியவர்களில் முதல் ஆள் ராணி. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏலேசா!" போட்டபடி தள்ளினான். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மேதானுக்குக் கப்பல் ஏறினான். கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போய் வருகிறவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான், சேதியும் நின்றது. சண்டை முடிந்தும் அவன் வரவில்லை. எங்கே, எப்படி என்று யாருக்கும் தெரியாது. சபா போயிற்று. பழனியப்பன் ஊருக்குத் திரும்பி அங்கேயே காலமானார். உசேன் நானாவும் இல்லை. அந்த மைதானத்தில் வரிசையாக வீடுகள் வந்துவிட்டன. சவரிமுத்துவை ராணி வேஷத்தில் ஒரு போட்டோ எடுத்து வைக்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அந்தக் குரல் எந்தத் தட்டிலும் பதியவும் இல்லை.

அன்றைக்கு அவனைக் கண்ணால் பார்த்தவர்களை இந்த ஊரில் தேடிப் பார்த்துவிட்டேன், என்னைத் தவிர ஒருவரும் மீதி இல்லை. எனக்கும் வயது ஏறிக்கொண்டு போகிறது. அதனால் நீங்களாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பாடியது அவன்தான்.