வேகமாக வளர்ந்த செல்கள்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குச் செல்லம்மா என்று பட்டப்பெயர். செல் வளர்ப்பதுதான் வேலை. எவனோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். லீவு நாளிலும் செல்களுக்குத் தீனி வைக்க ஓடுவாள். “உன் பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கணவர் தட்டை எடுப்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்களை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. செல்லைத் தொட்ட உறிஞ்சுகுழாயை, அதாவது பிப்பெட்டை, மீடியம் பாட்டிலுக்குள் மறுபடி விட்டால் போதும், அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

மீடியம் என்பது செல்லுக்குச் சாப்பாடு, சிவப்புத் தண்ணீர். செல் அதிலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்து, தெம்பாக்கிக்கொண்டு, கழிவை வெளியே தள்ளும், தண்ணீர் மஞ்சளாகும். தெம்பு கூடினால் இரண்டாகப் பிரியும். ஒரு சிறுமியின் கைத்தோலில் துளி வெட்டி எடுத்து வளர்த்த செல்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. கழிவு வெளியேறும் வாசல் பிறவியிலேயே அடைத்துக் கிடந்தது. குப்பை உள்ளேயே தேங்க, பிரியமாட்டேன் என்று அடம்பிடித்தன. ஃப்ரீசரில் எடுத்து வைக்கும் அளவுக்குக்கூட அவை பெருகியதில்லை. அவற்றின்மேல் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள் ஓர் ஆராய்ச்சி மாணவி.

திடீரென்று அந்தச் செல்கள் வளரும் தட்டில் தண்ணீர் மளமளவென மஞ்சளானது. மருந்து வேலை செய்கிறது என்று மாணவி துள்ளிக் குதிக்காத குறைதான். சிறுமியின் அம்மாவுக்குப் போன் போட்டு, இருவரையும் வரச் சொல்லிவிட்டாள். செல்லம்மாவின் கைராசி என்றும் சொன்னாளாம். அதைக் கேட்ட செல்லம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்கள் வருகிற அன்று காலையில்தான் செல்லம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். சிறுமியின் செல்கள் ஒல்லியாக, நீளநீளமாக இருக்கும். இவையோ கட்டையும் குட்டையுமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அவளுக்குத் தெரியாதா இவை யாரென்று? பக்கத்துத் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்கள். அசுர வேகத்தில் பிரியும் ரகம். ஒரு துளி விழுந்தால் போதும், இடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். எப்படி வந்தன என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு தட்டுக்கும் ஒரே பாட்டில், ஒரே பிப்பெட். ஊரையெல்லாம் திட்டித் தீர்த்த அதே தப்பு! அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது. சத்தமில்லாமல் கொட்டிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன புத்தி இது என்று இன்னும் கூசிப்போனாள்.

மாணவியிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் சிறுமியின் அம்மா உள்ளே வந்து இவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதான் வளத்தீங்களாமே. நீங்க நல்லா இருக்கணும்.”

செல்லம்மாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அது உங்க பொண்ணோடது இல்லம்மா. என் தப்பு. வேற செல்லு கலந்துடுச்சு. மருந்து வேலை செய்யுதான்னு இன்னும் தெரியாது.”

“அப்ப எங்க பொண்ணோடது?”

“ஒண்ணுகூட மிச்சமில்லம்மா.”

மாணவி பேயறைந்த மாதிரி நின்றாள். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது செல்லம்மாவுக்கு. அம்மா பிடித்த கையை விடவில்லை. சிறுமிதான் முன்னால் வந்து, சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு நீட்டினாள்.

“அந்தக் கை இன்னும் வலிக்குது ஆன்ட்டி. இந்தக் கைல வெட்டிக்கோங்க.”